இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில்

அரியலூர்,
6.5.2007, ஞாயிறு.

அன்பு மகன் தமிழரசனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த நொய்டா வெயிலில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை முன்னைக்கு இப்போது பரவாயில்லை, முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டார். கத்திரி வெள்ளிக்கிழமை பிறந்தது, பிறந்த அன்றே ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற அம்மா தபாலில் கடிதம் போடுகிறாளே என்று நீ சிரிப்பாய். ஈமெயில் என்றால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும், நான் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற மூன்று பேர் அதைப் படித்து முடித்துவிடுவார்கள். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், அப்பா விடவில்லை. போன்ல சொன்னா அவன் பரவால்லம்மான்னு வச்சிடுவான், ஒனக்கும் லேசா போயிடும், ஒக்காந்து எழுது என்றார். அதனால் கடைக்கு லீவு விட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன் ஆபீஸ் சிநேகிதன், அந்த ஜெயங்கொண்டத்துப் பையன் பாலாஜி, போன ஞாயிற்றுக்கிழமை வந்து நீ கொடுத்தனுப்பிய புது நெட் பெட்டியைத் தந்துவிட்டுப் போனான். மோர் குடித்தான், சாப்பிடச் சொன்னால் கேட்கவில்லை. பெட்டியோடு இருந்த உன் சீட்டையும் படித்தேன். பழைய பெட்டி வேண்டிய நேரத்தில் லைனை மாற்றாமல் விட்டுவிட்டது, தங்கை வேணிக்கு நடந்தது என் தப்பு, இதை மாட்டிக்கொள் அம்மா என்று எழுதியிருந்தாய். அந்தச் சீட்டை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன். பழைய பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, நீ அதை அமைத்ததிலும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, அதை இரண்டு மாதத்துக்கு மேலாக உன் தலையில் கட்டிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், அலுத்துக்கொள்ளாமல் படி.

பொங்கலுக்கு நீ வந்தபோது நம் கடையில் ஐந்து கம்ப்யூட்டருக்கும் டெலிபோன் கம்பியில் வருகிற பிராட்பேண்டு ஒன்றுதான். ரோட்டில் எவனாவது கடப்பாரையைப் போட்டால் அன்றைக்குக் கடை மூடல்தான். நீ அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து, கேபிள்காரர் ராசாங்கத்திடம் இரண்டாவது லைன் ஒன்று எடுத்து இரண்டையும் இதில் சொருகிவிட்டால் ஒன்று போனாலும் பெட்டியே மற்றதற்கு மாற்றிக்கொள்ளும், நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம் என்றாய். அதுக்கு எப்படிடா தெரியும் என்று கேட்டேன். பத்து விநாடிக்கு ஒரு தடவ வெளியில கூப்புட்டு இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருக்கும்மா, மூணு தடவ பதில் வரலன்னா அந்த வழிய விட்டுட்டு அடுத்த வழியில போயிடும் என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம்கூட அந்தப் பெட்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னேன், அப்பா கேலி செய்கிற அளவுக்குச் சொன்னேன்.

அதெல்லாம் அப்பாவின் தம்பி மகள் வேணிக்காகத்தான். பெரம்பலூர் காலேஜில் கம்ப்யூட்டர் கடைசி வருஷம், உங்கள் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் புது ஆட்கள் எடுக்கிறார்கள் என்று நீ உன் மேனேஜரிடம் பேசி அவள் பெயரைச் சேர்த்தாய். நெட்டில் இரண்டு மணி நேரப் பரீட்சை, எந்த ஊரிலிருந்தும் எழுதலாம், நடுவில் லைன் போனால் பத்து நிமிஷத்துக்குள் திரும்ப உள்ளே வர வேண்டும், வராவிட்டால் மூடிக்கொள்ளும், மறுபடி கிடையாது, இந்த வருஷம் முடிக்கிறவர்களுக்கு மட்டும்தான். இதை நீ பத்துத் தடவை சொன்னாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் எழுதட்டுமே என்று நான் கேட்டதற்கு, அங்க ஒரே கும்பலும் சத்தமும், நம்ம கடையின்னா நானே பாத்துப் பாத்து செஞ்சுட்டுப் போறேன் என்றாய். கரண்டு போனால் என்ன செய்வது என்று பேட்டரி வாங்கி வைத்தாய். லைன் மாறும்போது பாஸ்வேர்டு ஒருமுறை திரும்பக் கேக்கும், பயந்துடாத என்று வேணிக்குச் சொல்லிக் கொடுத்தாய். தங்கைக்காக நீ அப்படி ஓடி ஆடியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாய். டெலிபோன் கம்பி முன்தெருக் கம்பத்திலிருந்து ரோட்டைத் தாண்டி நம் கடைக்கு வருகிறது. கேபிள் அந்தப் பக்கமே வரக் கூடாது. நம் வீட்டுக்கு முதுகோடு முதுகு ஒட்டியது சித்தி வீடு, அதன் வாசல் பின்தெருவில், ராசாங்கத்தின் கேபிள் ரூமும் அதே பின்தெருவில். ஆகவே அவர் ரூமிலிருந்து சித்தி வீட்டு மாடி, அங்கிருந்து நம் மாடி, அங்கிருந்து கீழே ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு. ரெண்டும் ஒரே வழியா வந்துச்சின்னா ரெண்டு இருந்தும் ஒண்ணுதாம்மா என்றாய். சொல்லிவிட்டு, நானே சித்திகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன் என்று செருப்பை மாட்டினாய். நான்தான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். பஸ்சுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு, நான் கேட்டுக்கறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், கேப்பியாம்மா என்றாய். கேக்காம என்னடா என்றேன்.

உனக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கும். நானும் உன் சித்தி பச்சையம்மாளும் எட்டு வருஷமாகப் பேசுவதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் போவீர்கள் வருவீர்கள், எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் பேச்சு கிடையாது. நீ அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய், என்ன சண்டை என்று கேட்டபோதெல்லாம் அது பொம்பளைங்க சமாச்சாரம் என்று தட்டிக் கழித்தேன். இப்போது கேட்டுக்கொள். அப்போது நம் கடை வெறும் எஸ்.டி.டி. பூத், போன் இல்லாத பாதித் தெருவுக்கு நம் நம்பர்தான் பி.பி. நம்பர், அவர்களுக்கு வருகிற சேதியை நாம்தான் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மீன்சுருட்டியிலிருந்து போன், பச்சையம்மாளின் அம்மாவுக்கு நெஞ்சு வலி, பேச்சு குழறுகிறது, மகளைப் பார்க்கணும் என்கிறது, உடனே அனுப்புங்கள் என்று. கூண்டுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், மீட்டர் ஓடுகிறது, வெளியே மூன்று பேர் நிற்கிறார்கள், அப்பா ஆபீசில். பின்தெருப் பக்கம் போகிற ஒருவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னேன். அவர் போனார், கதவு சாத்தியிருந்ததாம், அவள் கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை, அப்படியே போய்விட்டார். நான் சேதி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவே இல்லை, சேர்ந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி போன் வந்த பிறகுதான் தெரிந்தது. மத்தியானமே உயிர் போயிருக்கிறது, அவள் மீன்சுருட்டிக்குப் போய் இறங்கும்போது, பொழுது சாய்வதற்குள் என்று எடுத்துவிட்டிருந்தார்கள், அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கழித்து வந்து என்னிடம் கேட்டாள். நான் ஆள் அனுப்பினேனே, அதுக்கு மேல நான் என்ன பண்ணணுங்கிற என்று கடையில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். தப்பு பண்ணிவிட்டேன் என்ற நினைப்பு உள்ளே இருந்ததால்தான் அவ்வளவு சத்தம். அதோடு பேச்சு நின்றது. உன் அம்மாவின் ரோஷம் உனக்குத் தெரியும், வேண்டாத இடத்தில்தான் அது நிறைய வரும்.

நீ போன எட்டாம் நாள் ராசாங்கம் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பின்வீட்டு மாடி வழியா இழுத்துட்டா நூறடிகூட வராதுங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுங்க என்றார். நான் போனேன், போகாமல் இல்லை. பின்தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு கேட் வரைக்கும் போனேன். பச்சையம்மாள் உள்ளே உரலை நகர்த்திக்கொண்டிருந்தாள், நகர்த்துகிற சத்தம் கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை அரசு. அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு முடியாது என்று சொன்னால் என் மரியாதை என்ன ஆவது என்று நினைத்தேன். அவளே பெற்ற மகளுக்குத்தான் இந்தக் கம்பி, அவள் ஏன் முடியாது என்று சொல்லப் போகிறாள் என்று புத்திக்குப் படவில்லை. திரும்பி வந்தேன். வந்து ராசாங்கத்திடம், அவங்க ஒத்துக்கலைங்க, வேற வழி பாருங்க என்று சொன்னேன். கேட்காமல் விட்டது ஒரு தப்பு, அவள் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அந்த மனுஷன் தலையைச் சொறிந்துவிட்டு, அப்ப முன்தெருவைச் சுத்தித்தான் வரணும், டெலிபோன் கம்பத்துலயே கட்டி இழுத்துடறேன் என்றார். நீ வரைந்த படம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சரி என்றேன்.

அன்று சாயங்காலமே நீ போன் செய்து, கேபிள் மாடி வழியாத்தானே வந்துச்சு என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பிறகு சோதித்துப் பார்க்கலாம் என்று டெலிபோன் மோடத்தை அணைக்கச் சொன்னாய், அணைத்தேன், அரை நிமிஷத்தில் பெட்டியில் இரண்டாவது பச்சை விளக்கு எரிந்து ஐந்து கம்ப்யூட்டரும் ஓடின. நீ அங்கே கை தட்டியது எனக்குக் கேட்டது. பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதன் பிறகு ஒரு மாதத்தில் இரண்டு தடவை டெலிபோன் லைன் போயிற்று, கடைக்கு வந்தவர்களுக்கு லைன் போனதே தெரியாது. அதனால் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது, கம்பி எப்படி வந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசி வாரம், அந்தப் புதன்கிழமை. வேணி பத்து மணிக்கே வந்துவிட்டாள், தலைக்குக் குளித்துப் பின்னாமல் முடிந்திருந்தாள், கையில் காலேஜ் அட்டையும் இரண்டு பேனாவும், கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் பேனா எதற்கு என்று கேலி செய்தேன், சிரித்தாள். மற்ற நாலு கம்ப்யூட்டருக்கும் யாரையும் விடவில்லை. பத்தரைக்கு ஆரம்பித்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். பதினொன்றேகாலுக்கு வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று நம் தெருவில் திரும்பியது. மெயின் ரோட்டில் பாலத்து வேலை நடக்கிறதென்று அன்றைக்கு வண்டிகளை இப்படித் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு மச்சு உயரத்துக்கு வைக்கோல், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருகிறது. நான் கையை ஆட்டினேன், டிரைவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும். டெலிபோன் கம்பி வைக்கோலில் மாட்டி இழுபட்டது, அதை ஒட்டியே கட்டியிருந்த கேபிளும் கூடவே போயிற்று. இரண்டும் சேர்ந்தாற்போல் அறுந்து தெருவில் கிடந்தன.

உள்ளே ஓடினேன். பெட்டியில் இரண்டு விளக்கும் இல்லை. அது பாவம், இருக்கியா இருக்கியா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். வேணி மவுசில் வைத்த கையை எடுக்காமல், இப்ப மாறிடும் பெரியம்மா, அண்ணன் அர நிமிஷம் ஆகும்னு சொன்னாங்க என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாறாதுடி என்று சொல்லாமல் நானும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலேயே இரண்டு நிமிஷம் போயிற்று. பிறகு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன், முதல் கடையில் இடம் இல்லை, இரண்டாவது கடையில் ஒரு ஆளைக் கெஞ்சி எழுப்பி உட்கார வைப்பதற்குள் பதினாலு நிமிஷம் ஆகிவிட்டது. முடிந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. வேணி அழவில்லை. பரவால்லைங்க பெரியம்மா, நீங்க வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம் என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

நீ மத்தியானம் போன் செய்து என்னம்மா ஆச்சு, பெட்டி மாறலையா என்று கேட்டாய். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாறலடா, என்னமோ தெரியல என்றேன். அவ்வளவுதான், நீயே மிச்சத்தையும் உன் மேல் போட்டுக்கொண்டாய். நான் அமைத்ததில்தான் ஏதோ பிசகு என்றாய், வேணியிடம் மன்னிப்புக் கேட்டாய், மேனேஜரிடம் போய் நின்றாய், அவர்கள் முடியாது என்றதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாலாஜி சொன்னான். எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டு, போனால் போகிறது வேறு வேலை கிடைக்கும் என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேணி போன மாதம் பரீட்சை முடிந்த கையோடு திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனி ஆபீசில் பில் அடிக்கிற வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரு ரூம். போகும்போது என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்.

உன் சீட்டைப் படித்த பிறகு நானாகப் போய்ப் பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராசாங்கம் அவள் வீட்டு டி.வி. சரியாகத் தெரியவில்லை என்று மாடி ஏறியிருக்கிறார். ஏறினவர் பேச்சுவாக்கில், அன்னிக்கே இந்த மாடி வழியா வுட்டிருந்தீங்கன்னா ஒங்க பொண்ணு பரிச்சைய முடிச்சிருக்கும்மா என்று சொல்லியிருக்கிறார். அவர் இறங்கும் வரைக்கும்கூட அவள் நிற்கவில்லையாம், நேராக நம் கடைக்கு வந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வாசல்படி ஏறினாள். நான் எப்பக்கா முடியாதுன்னேன் என்றாள். இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து நெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பு சத்தம் போட்டது போல் இப்போதும் போடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. போடவில்லை. நீ சொல்லல, நான் கேக்கல, பொய் சொன்னேன் என்றேன்.  அவள் சொன்னாள், எங்கம்மா சேதியும் ஒங்ககிட்டதான் வந்துச்சு, எம்மவ பரிச்சையும் ஒங்ககிட்டதான் வந்துச்சு, ரெண்டும் ஒங்க வூட்டோடயே நின்னு போச்சுக்கா என்று. திட்டவில்லை, சாபம் விடவில்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் போனேன். இந்தத் தடவை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பச்ச, கம்பி ஒங்க மாடி வழியா வரணும், வுடுவியா என்று கேட்டேன். இனி எதற்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மாடி தெறந்துதான் கெடக்கு, எப்பவும் தெறந்துதான் கெடந்துச்சு என்றாள். வியாழக்கிழமை ராசாங்கம் வந்து உன் படத்தைப் பார்த்து அப்படியே இழுத்துக் கட்டினார். கொடிக்கயிற்றில் உரசுகிறது என்று அவர் சொன்னதும் பச்சையம்மாளே கொடியை அவிழ்த்து அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினாள். நான் மோடத்தை அணைத்துப் பார்த்தேன், அரை நிமிஷம், பச்சை விளக்கு வந்தது. மோடத்தைப் போட்டுவிட்டுக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், டெலிபோன் லைனுக்கு வந்தது. எல்லாம் நீ சொன்னபடிதான் இருக்கிறது. வேணி உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்தது, நான் அதன் மேல் துணியைப் போட்டுத் துடைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணி இருக்கும், வேணி திருப்பூரிலிருந்து போன். சித்தப்பா செல்லை எடுத்துக்கொண்டு செந்துறைப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்விட்டார், அங்கே டவர் கிடைக்காது, அதனால் நம் நம்பருக்கு அடித்திருக்கிறாள். பெரியம்மா, எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல், ஆஸ்பத்திரியில பாத்துட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுறீங்களா என்றாள். கடையில் ஐந்து கம்ப்யூட்டரிலும் ஆள், ஜெராக்சுக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்டி, ஒங்கம்மாவையே கூட்டியாறேன், வைக்காம இரு என்று ரிசீவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மேலே நின்று பச்சையம்மா என்று கத்தினேன். இரண்டாவது குரலுக்கே கொல்லையிலிருந்து மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். வேணி லைன்ல இருக்கா, வா என்றேன். தெருவைச் சுற்றிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். கால் மணி நேரம் மகளோடு பேசினாள், கஞ்சி வைத்துக் குடி, தலைக்குக் குளிக்காதே என்றெல்லாம் சொன்னாள், ரிசீவர் முழுக்க மாவு. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.  முந்தானையால் ரிசீவரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நான் திரும்பவும் மாடிக்குப் போய்ப் படிகளை எண்ணிப் பார்த்தேன் அரசு. பதினாலு படி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பதினாலு படி ஏறி ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் தாய் முகத்தைப் பார்த்திருப்பாள். அவளோடு எனக்குப் பேச்சும் நின்றிருக்காது, கம்பியும் அவள் மாடி வழியாகவே வந்திருக்கும்.

புதுப் பெட்டியை பாலாஜி திரும்பும்போது அவனிடமே கொடுத்தனுப்புகிறேன், கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா பார். உன் மேல் குற்றம் இல்லை என்று உன் மேனேஜரிடமும் சொல். உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வேணிக்குப் போன் செய், ஹாஸ்டல் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுக்குள் கூப்பிட்டால் அழைத்துக் கொடுப்பார்கள். லைன் கோளாறு, பெட்டிக் கோளாறு என்று எனக்காகப் பூசி மெழுகாதே. பெரியம்மா கேட்க வேண்டியவர்களிடம் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய் சொன்னாள் என்று அப்படியே சொல். அவள் இன்னும் ஏதோ தன் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானே சொல்லத்தான் நேற்று வாயெடுத்தேன், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் ஊருக்கு வரும்போது நேரில் நானும் சொல்வேன்.

மோர் நிறையக் குடி, மத்தியான வெயிலில் வண்டி ஓட்டாதே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அந்த ஊருக்குப் போனதிலிருந்து விட்டுவிட்டாய், வாரத்துக்கு ஒரு நாளாவது குளி. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். இனிமேல் எனக்குப் போன் செய்து கிடைக்காவிட்டால் சித்தப்பா செல்லுக்கு அடித்து உன் சித்தியிடம் சொல். அவள் மாடியில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. அமிர்தவல்லி